பெஞ்சுக்குப் பதிலாக ஒரு விமானம்

"அவன் என்னைக்கு ஒரு இடத்துல உக்காந்தான், அவன் பேர்ல பெஞ்சு போடுததுக்கு?"

எக்ஸ்சேஞ்ச் அக்கா இப்படிக் கேட்டதும், சபையிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். அக்காவின் தம்பி இறந்து ஒரு வருஷம் முடியப்போகிற சமயம். அவர் நினைவாக ஆலயத்துக்கு ஒரு தேக்கு பெஞ்சு செய்து போட்டு, சாய்மானத்தில் பெயரை வெட்டிவிடலாம் என்று சொல்லத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு அதுதான் வழக்கம். பெஞ்சு, இல்லையென்றால் ட்யூப் லைட். வெளிச்சம் பாதி மறையும் அளவுக்குப் பெரிதாக 'உபயம்' என்று எழுதியிருக்கும்.

"பெஞ்சு வேண்டாம்னா ஃபேன் போடலாம்மா," என்றார் மூத்தவர், சமாதானமாக. "ஃபேன் சுத்துமே."

நான் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் நான். அக்கா வாங்கும் இங்கிலீஷ் பேப்பரை ஓசியில் படிக்க தினமும் போவேன். அன்றைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, நீ ஏன் சிரிக்க?"

"ஃபேனும் ஒரே இடத்துலதானக்கா சுத்தும்."

அக்கா கையிலிருந்த முறுக்குத் தட்டை மேஜைமேல் வைத்தார்கள். எனக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த தம்பியின் படத்தையும் பார்க்கவில்லை. வெறுமனே மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்:

"அப்பம் ஒரு ஆளைப் பறக்க விடுவோம். வருஷத்துக்கு ஒரு ஆளு. நம்ம பக்கத்துப் புள்ளையா இருக்கணும். இவன் ஓட்டுன அதே ஏரோப்ளேன்ல போகணும். இவன் செத்ததுக்கு வந்த பணம் அதுக்கு ஆகட்டும்."

மூத்தவர் மெல்ல எழுந்து, "சரிம்மா, கர்த்தருக்குச் சித்தமானா எல்லாம் நடக்கும்," என்றார்.

"என்ன சரி?" என்றார்கள் அக்கா.

அந்த இரண்டு வார்த்தைகளைத் தெரியாதவர்கள் அன்றைக்குச் சங்கரன்கோவிலில் யாரும் இல்லை.

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். காதில் ஒரு ஹெட்போனும், வாய்க்கு முன்னால் சின்னக் கொம்பு போல ஒரு மைக்குமாக, முன்னால் இருக்கும் பலகையில் கயிறுகளைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டே இருக்கும் வேலை. ஊரில் போன் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அக்காவின் குரலைத் தாண்டித்தான் யாரிடமும் பேச முடியும். யார் என்ன சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அக்கா இணைப்புக் கொடுப்பார்கள். அது வேலையின் ஒழுங்கு. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுமுனையில் இருப்பவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் 'சரி' என்றால் அக்கா விடமாட்டார்கள்.

பருத்திக் கமிஷன் கடை முதலாளி ஒருவர் ஒருநாள் அவசரத்தில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டார். "விருதுநகரா, சிவகாசியா?" என்று அக்கா கேட்டதற்கு, யாரிடமோ மூட்டைக் கணக்குப் பேசிக்கொண்டே "சரி, சரி" என்றிருக்கிறார்.

"என்ன சரி அண்ணாச்சி? விருதுநகரா, சிவகாசியா?"

"ஏம்மா, சரின்னுட்டேன்லா! சீக்கிரம் குடு!"

"விருதுநகரா, சிவகாசியா?"

"எம்மா தாயே, விருதுநகரு! விருதுநகரு! விருதுநகரு! போதுமா?"

"ஒரு தடவை போதும் அண்ணாச்சி," என்று கயிற்றைச் சொருகினார்கள் அக்கா. முதலாளியே இதைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சிரிப்போடு கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. எல்லோருக்கும் அக்காவிடம் இரண்டும் இருந்தன.

எனக்கும் இருந்தன. "அக்கா, பேப்பரை எடுத்துட்டுப் போறேன், நாளைக்குத் தாரேன்" என்றால், "எந்தப் பேப்பர், நாளைக்கு எப்பம்?" என்பார்கள். எங்கள் அம்மா ஒருமுறை, "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஏன் நடக்கலன்னு நெனைக்க?" என்று எனக்கு ஒரு கதை சொன்னாள். பாளையங்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "எங்களுக்கு எல்லாம் சரிதான்" என்று எழுந்தார்களாம். உள்ளே இருந்த அக்கா வெளியே வந்து, "எல்லாம்னா எது எது?" என்று கேட்டார்களாம். வந்தவர்கள் வந்த வழியே போய்விட்டார்களாம். இது நடந்ததா, ஊரார் கட்டியதா தெரியாது. அக்காவிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் கேட்டிருக்கக்கூடியவர்கள்தான்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மதுரைப் பக்கம் ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்தில் ஆசிரியராக இருந்தார். அங்கே ஒரு பழைய விமானம். யுத்த காலத்தில் எத்தனையோ பேருக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த வகை. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரட்டை இறக்கை, மரச்சட்டத்தின்மேல் துணி. விரலால் தட்டினால் கஞ்சிரா மாதிரி சத்தம் வரும். கூரை கிடையாது, காற்றுக்குக் கண்ணை மறைக்கும் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி. முன்குழியில் ஆசிரியர், பின்குழியில் மாணவர். இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய். அதன் வாயில் கத்தினால் மற்றவர் காதில் கேட்கும். விமானத்துக்குப் பிரேக் கிடையாது. மூக்கில் உள்ள விசிறியைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கழகத்தில் எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்பார்கள்.

தம்பி பெரியவரை வருஷக்கணக்காக ஓட்டினார். ஒரு கீறல் இல்லை. அவரைக் கொன்றது ஒரு பழைய ஆணி. சாமான் பெட்டி ஒன்றைப் பிரிக்கும்போது காலில் ஏறியது.

இதை அக்கா எனக்குச் சொன்னது ஒரே ஒரு முறைதான், குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது. குடம் நிறைகிற சத்தத்துக்கு மேலே, செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னார்கள்.

"அன்னைக்கு நான்தான் டூட்டி. லைன்ல வந்தான். சும்மா பேச்சுவாக்குல ஆணி குத்திட்டுன்னான். இன்னைக்கே போய் ஊசி போடுன்னேன். சரிக்கான்னான். பாங்க் மேனேஜர் ஒரு அர்ஜென்ட் கால் கேட்டு நின்னாரு. நான் லைனைக் கட் பண்ணிட்டேன்."

குடம் நிறைந்து வழிந்தது. அக்கா நகர்த்தவில்லை.

"ஊசி போடுததுக்குச் சரின்னானா, போனை வைக்கதுக்குச் சரின்னானான்னு நான் கேக்கல."

பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா சபைப் பெரியவரிடம் 'என்ன சரி?' என்று கேட்டபோது, ஃபேனுக்குச் சிரித்த எனக்கு ஏன் சிரிப்பு வராமல் போயிற்று என்று இப்போது புரிந்திருக்கும். ஆனால் அன்று நான் கல்லூரி முதல் வருஷம். பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். இறக்கைக்கு மேலே காற்று வேகமாகப் போகிறது, கீழே மெதுவாகப் போகிறது என்று நோட்டில் படம் வரைந்தவள். மனசெல்லாம் ஒரே எண்ணம்தான்: அந்த வருஷத்துக்கு ஒரு ஆள் நானாக இருக்க வேண்டும்.

முதல் வருஷம் நான் இல்லை. அக்கா ஆள் எடுத்த விதத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மார்க் கேட்கவில்லை, உயரம் எடை பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, வந்திருந்த பையன்களையும் என்னையும் முன்னறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் மதுரை பஸ் ஸ்டாண்டில் இறங்கி விமானத் திடலுக்குப் போகும் வழியைச் சொன்னார்கள். அவ்வளவுதான் பரீட்சை.

"சரிக்கா," என்றான் ஒருவன்.

"என்ன சரி?"

"நீங்க சொன்னது, சரிக்கா."

"நான் என்ன சொன்னேன்?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொன்னால் 'சரி' என்பதுதான் மரியாதை. சொன்னதையே திருப்பிச் சொன்னால் பரிகாசம் பண்ணுகிறான் என்று அடி விழும். நானே பதற்றத்தில், "சரிக்கா, புரிஞ்சுதுக்கா" என்று உளறினேன். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும்! அக்கா புன்னகைகூடச் செய்யவில்லை. "அடுத்த ஆளு," என்றார்கள்.

வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு விவசாயி வீட்டுப் பையன் மட்டும், எந்த பஸ், எந்தத் திருப்பம், யாரைக் கேட்க வேண்டும் என்று முழுக்கத் திருப்பிச் சொல்லிவிட்டு, "சரியாச் சொன்னனாக்கா?" என்று கேட்டான். அவன் போனான்.

போனவன் திரும்பி வந்து அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்தான். அதுவும் ஏற்பாட்டில் ஒரு பகுதி. போனவர்கள் திரும்பி வந்ததும் நேரே அக்காவிடம் வர வேண்டும். அங்கே தம்பியின் இடத்துக்கு வந்த ஆசிரியர் சொன்னதை, சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும். எனக்குப் பொறாமை ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். பையன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். விசிறியைச் சுற்றியது, திடலில் மேய்ந்த ஆடுகளை விரட்டியது, கண்மாய்க்கு மேலே போனபோது வயிறு ஒட்டிக்கொண்டது.

"பெறவு சார் குழாய்ல என்னமோ சொன்னாரு. நான் 'எஸ் சார்'னேன். அதுக்குப் பெறவு பாக்கணுமேக்கா, ப்ளேன் எண்ணெய்ல வழுக்குத மாதிரி போச்சு. ஆடாம அசையாம. இறங்குன பெறவு சார் முதுகுல தட்டி, 'மேல ரொம்ப நல்லா ஓட்டுனடா'ன்னாரு. நான், 'நீங்கல்லா சார் ஓட்டுனீங்க'ன்னேன்."

அக்கா முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அப்பம் யாரு ஓட்டுனா?"

பையன் சிரித்தான். "யாருமே ஓட்டலக்கா! நான் சார்னு நெனைச்சேன், சார் நான்னு நெனைச்சாரு. அதுவாப் போயிருக்கு!"

நானும் சிரித்தேன். பெரியவர் தன்பாட்டுக்கு, இரண்டு பேரையும் சுமந்துகொண்டு கண்மாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒருவர் ஓட்டுவதை மற்றவர் மெச்சிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அக்கா சிரிக்கவில்லை. "சார் என்ன சொன்னாரு?" என்றார்கள். "கன்ட்ரோலை நீ எடுத்துக்கன்னு சொல்லியிருக்காருக்கா. எனக்குச் சரியாக் கேக்கல." "கேக்கலன்னு ஏன் சொல்லல?" பையன் ஆச்சரியமாகப் பார்த்தான். "சார் சொல்லும்போது எப்படிக்கா? மரியாதை இல்லையா?"

இங்கே அக்காவிடம் அத்தனை அழகாகத் திருப்பிச் சொன்ன அதே பையன்தான். அக்கா என்றால் அக்காதான். அங்கே இருந்தவர் சார். மீசை, காக்கிச் சட்டை, பட்டாளத்துக் குரல்.

மறுநாள் அக்கா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். "வேண்டாம். பெஞ்சே போடுவோம்," என்றார்கள். சபைப் பெரியவருக்குச் சந்தோஷம். ஆசாரியையும் கூட்டி வந்துவிட்டார்.

அந்த வருஷம் முழுக்க நான் அக்காவோடு சண்டை போட்டேன். அக்காவுக்கு அது பயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிடிவாதம் என்றே தோன்றியது. ஒருமுறை கோபத்தில் சொன்னேன்:

"தப்பு அவன் மட்டுமாக்கா செஞ்சான்? அந்த சார் ஏன் கேக்கல? எஸ் சார்னா என்ன எஸ்னு அவருல்லா கேட்டிருக்கணும்? நீங்க இங்கன உக்காந்து எங்களைக் கேட்டா ஆச்சா? அவரைக் கேளுங்க!"

அக்கா டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் சொன்னது எல்லை மீறியது என்று பயந்துகொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே சொன்னார்கள்:

"போன் போட்டேன். இனிமே அங்கன ஒரு சட்டம். 'கன்ட்ரோல் உன் கையில'ன்னு சார் சொல்லணும். 'கன்ட்ரோல் என் கையில'ன்னு புள்ள சொல்லணும். முழுசாச் சொல்லுத வரைக்கும் சார் கையை எடுக்கப்பிடாது. தமிழ்லதான் சொல்லணும். அந்த ஆளு 'எக்கா, உலகம் பூரா இங்கிலீஷ்லதான் சொல்லுதாங்க'ன்னான். உலகத்துல சொல்லட்டும், இந்தப் பணத்துல போற புள்ளைங்க தமிழ்ல சொல்லட்டும்னேன்."

"அதுக்கு சார் என்ன சொன்னாரு?"

"சரின்னான்." அக்கா கொஞ்சம் நிறுத்தினார்கள். "விடுவனா?"

அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை போக வேண்டியவள் நான் என்று அக்காவே சொல்லிவிட்டார்கள். ஆனால் எங்கள் வீடு இருக்கிறதே!

எங்கள் அப்பா தாலுகா ஆபீசில் வேலை. நல்ல மனுஷன். ஆனால் எதற்கும் முடிவு சொல்லமாட்டார். "சரி, பாப்போம்" என்பார். வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்றாலும் சரி, பாப்போம். நான் மேலே படிக்க வேண்டும் என்றாலும் சரி, பாப்போம். பறக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். மாதங்கள் போயின. அதற்குள் அம்மா ராஜபாளையத்திலிருந்து ஒரு ஜாதகம் வாங்கி வந்துவிட்டாள். அதற்கும் அப்பா, "சரி, பாப்போம்" என்றார். இரண்டில் எது முதலில் வருமோ அதுதான் என் வாழ்க்கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் போய் அக்காவிடம் அழுதேன்.

"உங்க அப்பாகிட்ட நான் வந்து கேக்கேன்," என்றார்கள் அக்கா. "ஆனா ஒண்ணு. அவரு வேண்டாம்னு வாய்விட்டுச் சொன்னா, நான் எந்திரிச்சு வந்துருவேன். ரெண்டாந்தடவை கேக்கமாட்டேன். நீயும் கேக்கப்பிடாது."

"சரிக்கா."

"என்ன சரி?"

அதுவரை அடுத்தவர்களிடம் கேட்டுப் பார்த்திருந்த அந்தக் கேள்விக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 'சரி' என்று சொல்லும்போது பின்னால் ஒரு கதவு திறந்தே இருக்கும். முழுசாகச் சொன்னால் அதை நாமே சாத்துகிற மாதிரி.

"அப்பா வேண்டாம்னு சொன்னா, நான் போகல," என்றேன். சொல்லி முடித்ததும் அக்காவை வெறுத்தேன். உண்மையிலேயே வெறுத்தேன்.

சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா ஈசி சேரில் இருந்தார். மரியாதைக்கு எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா அடுக்களை நிலையில் நின்றாள்.

"அண்ணாச்சி, புள்ளையை அனுப்புததுக்கு உங்க சம்மதம் கேக்க வந்திருக்கேன்."

"சரி தங்கச்சி, சரி. பாப்போம்."

"என்ன சரி அண்ணாச்சி?"

"அதான்... சரின்னுட்டம்லா."

"வேண்டாம்னாலும் சொல்லலாம். நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். என்னன்னு மட்டும் சொல்லுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "என்னை ஏன் பாக்கிய? உங்களைத்தான கேக்காவ?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"போகட்டும்," என்றார் அப்பா.

"யாரு?"

"புள்ளதான்."

"எங்க?"

"மதுரைக்கு."

"மதுரைக்கு நானே பஸ்ல கூட்டிட்டுப் போயிருவேன் அண்ணாச்சி. மதுரையில போயி?"

அப்பா வேட்டி நுனியைப் பிடித்துத் திருகினார். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அந்த மணி தெருமுனை வரைக்கும் போய்த் தேய்ந்தது. வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒரே பெண். துணி போர்த்திய விமானம். ஊர் வாய்.

"என் மக," என்று ஆரம்பித்தார் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் மக ஏரோப்ளேன் ஓட்டட்டும்."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு சிரித்தார். "என்னடா இது, வாயில வந்துட்டு!" என்றார். அம்மா, "நல்லா வந்துது," என்று உள்ளே போனாள். ஆனால் அக்காவுக்குக் காபி வந்தது. மறுநாள் தாலுகா ஆபீசில் அப்பா தானாகவே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், என்னமோ அவருக்கே முதலில் தோன்றிய யோசனை மாதிரி. அதற்குப் பிறகு யார் எதிர்த்துக் கேட்டாலும் அவர்தான் எனக்காகச் சண்டை போட்டார். முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டதால் அது அவருடையதாகிவிட்டது.

கிளம்புகிற அன்று அம்மா கோமதி அம்மன் கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து என் நெற்றியில் அப்பினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா அதைப் பார்த்தார்கள். அவர்கள் வேதக்காரர்கள், சபைக்குப் போகிறவர்கள். ஏதாவது சொல்வார்களோ என்று பார்த்தேன். "கண்ணாடி மாட்டும்போது தொடைச்சிரு. கண்ணுல விழுந்திரப் போகுது," என்றார்கள். நான், "கண்ணாடி மாட்டும்போது தொடைச்சிருதேன்," என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.

பறந்ததை என்னவென்று சொல்ல? பெரியவர் கிளம்பும்போது ஆள்கள் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். பிறகு விட்டார்கள். பிறகு பூமியும் விட்டது. என் நோட்டில் வரைந்த அம்புக்குறிகள் எல்லாம் முகத்தில் அறைந்தன. குழாயில் சாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"கன்ட்ரோல் உன் கையில."

எனக்கு வாயில் முதலில் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன், 'சரி சார்'தான். விழுங்கினேன்.

"கன்ட்ரோல் என் கையில."

முன்னால் சார் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அந்தக் கணத்தில் இறக்கை லேசாகச் சாய்ந்தது. நான் கையிலிருந்த ஓட்டும் கோலை மெதுவாக அசைத்தேன். இறக்கை நிமிர்ந்தது. நான் அசைத்தேன், அது நிமிர்ந்தது! கீழே கண்மாயில் சூரியன் ஒரு தகடு மாதிரி கிடந்தது. அதற்கு மேலே இருந்த அத்தனை கனமும் என் இரண்டு விரல்களுக்கு நடுவே இருந்தது.

இறங்கி வந்தபோது அக்கா திடலின் ஓரத்தில், வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே வரவேயில்லை. தம்பி செத்த பிறகு அந்த விமானக் கொட்டகைப் பக்கம் அவர்கள் போனதில்லை என்று சார் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் எப்படி இருந்தது, பயந்தாயா என்று ஒன்றும் கேட்கவில்லை. "சார் என்ன சொன்னாரு? ஆரம்பத்துல இருந்து சொல்லு," என்றார்கள்.

சொன்னேன். "'குதிரையைப் பிடிக்க மாதிரி பிடிக்காத, கோழிக்குஞ்சைப் பிடிக்க மாதிரி பிடி'ன்னாரு. நான் ரொம்ப இறுக்குனப்ப, 'அது உனக்கு முன்னாலயே பறக்கப் படிச்சது, நீ குறுக்க நிக்காத'ன்னாரு. இறங்கும்போது, 'தரை எங்கயும் ஓடிறாது, மெதுவா வா'ன்னாரு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். தூங்கிவிட்டார்கள் என்று நிறுத்தினேன்.

"சொல்லு, சொல்லு," என்றார்கள். "அந்தக் கோழிக்குஞ்சை இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அக்காவின் உதடும் கூடவே அசைந்தது. நான் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே அசைந்தது. சார் அந்தத் தொழிலை யாரிடம் படித்தார் என்று எனக்கு அதற்கு முன்பு கேட்கத் தோன்றியதில்லை. அதற்குப் பிறகு கேட்க வேண்டியிருக்கவில்லை. பஸ் ராஜபாளையம் தாண்டும்வரை சாரின் வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். அக்காவுக்கு என்னிடமிருந்து வேண்டியது அதுதான் என்று தோன்றியபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. நான் பறந்தது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்தானோ? இப்போது அப்படி நினைக்கவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அதற்குப் பிறகு அக்காவை நான் பார்த்தது கொஞ்சம்தான். எனக்கு வேலை மதுரையில் கிடைத்தது. ராஜபாளையத்து ஜாதகம் வேறு யாருக்கோ போயிற்று. ஊரில் கயிறு சொருகும் பலகையை எடுத்துவிட்டு, தானாக இணைக்கும் இயந்திரம் வைத்தார்கள். அக்காவை நாகர்கோவில் பக்கம் மாற்றினார்கள். அங்கே ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலித்து இறந்துபோனார்கள். பறக்க அனுப்பும் உதவித்தொகைப் பொறுப்பை எனக்கும் அந்த வாசுதேவநல்லூர்க்காரனுக்கும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சபையார் அக்காவுக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள். அதில் நான் உட்கார்ந்தும் பார்த்தேன். நல்ல பெஞ்சுதான்.

பெரியவர் இன்னும் பறக்கிறார். இந்த வருஷத்துக்குக் குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெண். மானாவாரிப் பருத்திக் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் போன வாரம் நான் போனபோது அவள் அப்பா, "என் புள்ள பறக்கப்பிடாது, அனுப்பமாட்டேன்" என்று ஒரு குறையும் இல்லாமல், தெளிவாகச் சொல்லிவிட்டார். அக்காவின் சட்டப்படி நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எழுந்துதான் வந்தேன். வரப்பில் நடந்து வரும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். பஸ் வரும்வரை கூட நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை.

இந்த ஒரு சட்டத்தை நான் மீறப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். மகளை அனுப்பச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. அவரையே கூப்பிடப்போகிறேன். முதலில் அவர் ஏறட்டும். தன் காட்டையும் கண்மாயையும் போல ஒன்றை மேலேயிருந்து ஒரு சுற்று பார்க்கட்டும். இறங்கி வந்து என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். சாரிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். அந்த மனிதர் வருவாரா, போன வாரம் நான் உட்கார்ந்த கட்டிலைத் தூக்கி வைத்துவிட்டு என்னை விரட்டுவாரா, தெரியாது. என் சைஸ் ஸ்வெட்டர் அவருக்குப் பத்தாது. அதனால் அப்பாவுடையதை வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். மேலே நல்ல குளிர். பருத்திக் காட்டு வெயிலிலேயே நின்ற ஆளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.